ராப்ல தெரு மாறிச்சா, இல்ல தெருவைப் பாக்குற ஆளு மாறிட்டானா?

#1 பழையகேசட்

ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், இன்னைக்குத்தான் நேரம் கெடச்சது. போன வாரம் அக்கா பையன கார்ல ஏத்திக்கிட்டு பாண்டி பக்கம் போனேன், பதினாறு வயசு அவனுக்கு, வண்டில ஏறின உடனே போனை கனெக்ட் பண்ணி சிகாகோ ட்ரில் பாட்டு போட்டான், ட்ரில்னா ராப்லயே இப்ப வந்த ஒரு வகை. பீட் நல்லாத்தான் இருந்துச்சு. நடுவுல ஒரு பேரு திரும்பத் திரும்ப வந்துச்சு, யாருடா இதுன்னு கேட்டேன். "அது செத்துப்போன பையன் மாமா, எதிர் கேங்கு. அவன கஞ்சா மாதிரி சுருட்டி இழுக்குறோம்னு பாடுறாங்க"ன்னு சொல்லிட்டு முறுக்கு பாக்கெட்ட பிரிச்சான். நான் ஈசிஆர்ல ஒரு ரெண்டு கிலோமீட்டர் பேசவே இல்ல.

நான் ராப் பக்கம் வந்தது 'தி மெசேஜ்' கேட்டு. 1982 பாட்டு, நான் கேட்டது ரொம்பப் பின்னாடி, மூர் மார்க்கெட்ல வாங்குன ஒரு காப்பி கேசட்ல. அதுல தெரு எப்படி இருக்கும்? எங்க பாத்தாலும் ஒடஞ்ச கண்ணாடி, படிக்கட்டுல மூத்திரம், முன் ரூம்ல எலி, பின் ரூம்ல கரப்பான். பாடுறவன் சன்னல் ஓரமா நின்னு கீழ பாத்து சொல்ற மாதிரி இருக்கும். யாரையும் அடிக்கப் போறதில்ல, யாரோட பேரும் இல்ல. தள்ளாத, நான் விளிம்புல நிக்கிறேன்னு கெஞ்சுறான், அவ்ளோதான்.

அந்தத் தெரு சும்மா வந்த தெரு இல்லங்க. நியூயார்க்ல சவுத் பிராங்ஸ் ஏரியாவுல எழுபதுகள் பூரா பில்டிங் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. 1970-லேர்ந்து 80-க்குள்ள அங்க ஏழு கணக்கெடுப்பு வட்டாரத்துல 97 சதவீதத்துக்கு மேல கட்டடம் காலி, எரிஞ்சது பாதி, ஓனர் கைவிட்டது மீதி. நடுவுல ஊரையே கிழிச்சுக்கிட்டு ராபர்ட் மோசஸ் போட்ட எக்ஸ்பிரஸ்வே. அதே பிராங்ஸ்ல 1973 ஆகஸ்ட் 11 அன்னைக்கு செட்ஜ்விக் அவென்யூ 1520-ம் நம்பர் பில்டிங்ல டிஜே கூல் ஹெர்க்கோட தங்கச்சி, ஸ்கூல் திறக்குது புது டிரஸ் வாங்கணும்னு ஒரு பார்ட்டி வெச்சு காசு சேத்தா, அங்கேர்ந்துதான் ராப் எல்லாம்னு சொல்லுவாங்க. ஊரு எரியுது, இவங்க டான்ஸ் ஆடுறாங்க. 1979-ல ராப் ரெக்கார்டா வர ஆரம்பிச்சப்பவும் பார்ட்டிதான், சுகர்ஹில் கேங் பாட்டுல தெருவே கிடையாது, சாப்பாடு, காரு, பொண்ணு.

என் கேள்வி இதான். சன்னல்லேர்ந்து பாத்தவன் எப்ப கீழ எறங்கினான், எப்ப துப்பாக்கிய எடுத்தான், எப்ப செத்தவன் பேரச் சொல்லி சிரிக்க ஆரம்பிச்சான்? எனக்கென்னமோ தெரு அதே தெருதான், சொல்றவன் நிக்கிற எடம்தான் மாறிக்கிட்டே வருதுன்னு தோணுது. தப்புன்னா சொல்லுங்க.

#2 பீட்டுப்பைத்தியம்

தல, நல்ல இழை, ஆனா ஆரம்பத்துலயே ஒரு ஆணி. 'தி மெசேஜ்' டிஜே கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் பேருல வந்துச்சே தவிர அவர் அதுல ஒரு ஸ்க்ராட்ச் கூட பண்ணல. எழுதுனது பெரும்பாலும் ட்யூக் பூட்டி, ஸ்டுடியோ ஆளு. குரூப்புல எல்லாருக்கும் பயம், பார்ட்டிக்கு வர்றவன் கவலைய மறக்க வர்றான், அவன்கிட்ட போய் எலி கரப்பான்னு பாடுனா செருப்பாலயே அடிப்பான்னு. கம்பெனி ஓனரம்மா சில்வியா ராபின்சன் விடல. கடைசில குரூப்புலேர்ந்து மெல்லி மெல் மட்டும்தான் பாடுனாரு. ஃபிளாஷ்லாம் கடைசில வர்ற அந்த குட்டி நாடகத்துல பேசுறதோட சரி, மூலைல நின்னு கதையடிச்சுக்கிட்டு இருக்கானுங்க, போலீஸ் வண்டி வந்து அள்ளிட்டுப் போகுது.

அதாவது முதல் பெரிய "தெரு" பாட்டே தெருப்பசங்க பாட மாட்டேன்னு சொன்ன பாட்டு, கம்பெனி திணிச்சது. இத மனசுல வெச்சுக்கிட்டு மேல பேசுவோம்.

ஆனா இன்னொண்ணும் இருக்கு, ஞாயமா சொல்லணும். அந்தக் கடைசி வெர்ஸ், ஒரு குழந்தை பொறந்து வளந்து ஜெயிலுக்குப் போய் அங்கயே சாவானே, அது மெல்லி மெல் 1979-லயே 'சூப்பர்ராப்பின்'னு ஒரு பார்ட்டி ரெக்கார்டுல பாடுனது. பன்னெண்டு நிமிசம் கைதட்டு கைதட்டுன்னு போற பாட்டு, நடுவுல இந்த வெர்ஸ் சொருகி இருக்கும். யாருமே கவனிக்கல. மூணு வருசம் கழிச்சு பீட்ட ஸ்லோ பண்ணி அதே வரிய போட்டப்ப ஊரே அழுவுது. சோ தெரு உள்ள இருந்துச்சு, டெம்போதான் எறங்கல.

#3 கொட்டிவாக்கம்_குமார்

சன்னல்லேர்ந்து கீழ எறங்குனவன் பேரு ஸ்கூலி டி, ஊரு ஃபிலடெல்ஃபியா, வருசம் 1985. அதுக்கப்புறம் 86-ல ஐஸ்-டி காலைல ஆறு மணிக்கு போலீஸ் கதவ தட்டுற பாட்டு. ரெண்டு பேருமே நான் பாத்தேன்னு சொல்லல, நான் செஞ்சேன்னு சொல்றான். அதான் வித்தியாசம். இவனுங்கள விட்டுட்டு எல்லாரும் நேரா லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து குரூப்பு என்.டபிள்யூ.ஏ-வுக்குப் போயிடுவானுங்க, இந்த இழைலயும் அதான் நடக்கப் போகுது, பாத்துக்கிட்டே இருங்க.

#4 மீனலோசனி

குமார் சொன்ன மாதிரியே நான் என்.டபிள்யூ.ஏ-வுக்குத்தான் போறேன் மன்னிச்சுக்கோங்க :)

பழையகேசட் அண்ணா, பாடுறவன் எடம் மாறினான்னு சொல்றீங்க, ஆனா அவன யாரு தள்ளிவிட்டாங்கன்னும் பாக்கணும் இல்லையா. நடுவுல கிராக் வந்துச்சு, கொக்கெய்னையே காய்ச்சி கட்டியாக்கி புகைக்கிறது. 1986-ல அமெரிக்கால ஒரு சட்டம் போட்டாங்க, பவுடர் கொக்கெய்ன் 500 கிராம் விக்க வெச்சிருந்தா கொறஞ்சது அஞ்சு வருசம், அதே அஞ்சு வருசம் கிராக் வெறும் 5 கிராமுக்கு. ஒண்ணுக்கு நூறு. ரெண்டும் ஒரே சரக்கு, ஒண்ணு ஆபீஸ்காரன் பார்ட்டில இழுக்குறது, இன்னொண்ணு கறுப்பர் ஏரியா மூலைல விக்கிறது. இத 2010-லதான் 18-க்கு 1-ன்னு கொறச்சாங்க, அப்பவும் சமமாக்கல. இருபத்துநாலு வருசம்ங்க. ஒரு தலைமுறை அண்ணன் தம்பி அப்பா எல்லாம் உள்ள. அந்தத் தலைமுறைதான் ராப் எழுதுச்சு.

லாஸ் ஏஞ்சலஸ்ல 1985-ல போலீஸ்காரங்க ஒரு கவச வண்டில நீளமா இரும்பு உத்தரம் மாதிரி மாட்டி வீட்டுச் சுவர இடிச்சுக்கிட்டு உள்ள போனாங்க. முதல் தடவ இடிச்ச வீட்டுல இருந்தது பொம்பளைங்களும் குழந்தைங்களும், ஐஸ்க்ரீம் சாப்பிட்டுட்டு இருந்தாங்களாம். அதே வருசம் காம்ப்டன்ல டாடி டீன்னு ஒருத்தர் அந்த வண்டி பேருலயே பாட்டு போட்டாரு, 'பேட்டர்ராம்', வீட்டுல ரெக்கார்ட் பண்ண கேசட்டா சுத்துன பாட்டு அது. இது மூணு வருசம் முன்னாடி. அப்புறம்தான் 1988-ல என்.டபிள்யூ.ஏ-வோட 'ஸ்ட்ரெயிட் அவுட்டா காம்ப்டன்'. 89 ஆகஸ்ட்ல எஃப்.பி.ஐ-லேர்ந்து ரெக்கார்ட் கம்பெனிக்கு லெட்டரே போச்சு, போலீஸ்காரங்கள அடிக்கத் தூண்டுறீங்கன்னு. 91-ல ராட்னி கிங்னு ஒரு கறுப்பர போலீஸ் அடிச்ச வீடியோ ஊர் பூரா ஓடுது, 92 ஏப்ரல் 29 தீர்ப்பு வந்து போலீஸ்காரங்கள விட்டுட்டாங்க, அன்னைக்கு சாயங்காலமே ஊரு பத்திக்கிச்சு. அப்ப எல்லாரும் நாலு வருசம் பழைய கேசட்ட தேடி எடுத்து கேக்குறாங்க.

அதனால "தீம் மாறிச்சு"ன்னு சொல்லும்போது எந்த சட்டம் எந்த வருசம்னு ஒரு கண்ணு வெச்சுக்கணும்.

#5 நெருப்புடா87

எல்லாம் துப்பாக்கி கஞ்சா கெட்ட வார்த்த. இதுக்கு ஒரு ஆராய்ச்சி, சட்டம், வருசம். வேலயப் பாருங்கப்பா

#6 கொட்டிவாக்கம்_குமார்

வேல முடிச்சிட்டுதான் வந்திருக்கோம் தம்பி, நைட்டு பதினோரு மணி.

#7 பழையகேசட்

மீனலோசனி, சட்டத்த நான் மறுக்கவே இல்லம்மா. ஆனா அதே சட்டம் அதே கிராக் இருக்குறப்பவே ரெண்டு விதமா பாட்டு வருதே. 92 டிசம்பர்ல என்.டபிள்யூ.ஏ-ல இருந்த டாக்டர் ட்ரே 'தி க்ரானிக்' விட்டாரு, ஊரு எரிஞ்சு எட்டு மாசம் கூட ஆகல, கேட்டா வெயில்ல கார் ஓட்டிக்கிட்டு போற மாதிரி சொகமா இருக்கும். நடுவுல கலவரத்தோட சத்தமெல்லாம் துண்டு துண்டா வரும், ஆனா பீட் என்னமோ பார்பிக்யூ. தெருவ அனுபவிக்கிற எடமா மாத்துனதே அந்த ஆல்பம்தான்னு நான் நெனக்கிறேன், வெள்ளக்கார வீட்டுப் பசங்க லட்சக்கணக்குல வாங்குனாங்க.

நியூயார்க்ல அதே நேரம் என்ன நடக்குதுன்னு பாருங்க. 1994 ஏப்ரல்ல நாஸ் 'இல்மாட்டிக்', அவருக்கு இருபது வயசு. க்வீன்ஸ்பிரிட்ஜ், வட அமெரிக்காவுலயே பெரிய அரசு குடியிருப்பு, நம்மூர் ஹவுசிங் போர்ட பத்தா அடுக்கி வெச்ச மாதிரி. அதுல 'ஒன் லவ்'னு ஒரு பாட்டு, அது பாட்டே இல்ல, லெட்டர். ஜெயில்ல இருக்குற ஃப்ரெண்டுக்கு எழுதுறான். உனக்கு மகன் பொறந்துட்டான், உன் ஆளு உன்ன பாக்க வரமாட்டேங்குறா, இன்னார சுட்டுட்டாங்க, இன்னார் உள்ள போயிட்டான், உங்கம்மாவுக்கு நான் பணம் குடுத்தேன். கடைசி வெர்ஸ்ல லெட்டர விட்டுட்டு வெளிய வர்றான், பெஞ்சுல பன்னெண்டு வயசுப் பையன் ஒருத்தன் புகைச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். நாஸ் அவனுக்கு அறிவுரை சொல்றானா இல்ல சுடுறது எப்படின்னு புத்தி சொல்றானான்னே தெரியாது, ரெண்டும் கலந்து இருக்கும். நல்லவன் கெட்டவன்னு பிரிக்காத அந்த எடம்தான் எனக்கு ராப்லயே ஒசத்தி. யாரும் என்ன அடிச்சாலும் மாத்திக்க மாட்டேன்.

அதே வருசம் செப்டம்பர்ல புரூக்ளின் ராப்பர் பிக்கியோட 'ரெடி டு டை'. அறிமுகம் முடிஞ்ச உடனே வர்ற முதல் பாட்டு 'திங்ஸ் டன் சேஞ்ச்ட்'. நாம இங்க கேக்குற கேள்விய அந்தாளு முப்பது வருசம் முன்னாடியே கேட்டுட்டாரு! அப்பல்லாம் காசு சுண்டி விளையாடுவோம், அப்பா அம்மா நம்மள பாத்துக்குவாங்க, இப்ப அவங்களே நம்மளப் பாத்து பயப்படுறாங்கன்னு. கிராக் விக்கணும் இல்லாட்டி பாஸ்கெட்பால் நல்லா போடணும், வேற வழியில்லன்னு சிரிக்காம சொல்லுவாரு. இருபத்திரண்டு வயசுல "அந்தக் காலத்துல"ன்னு பேசுறான் பாருங்க, நான் நாப்பத்தொம்பதுல பேசுனா என்ன தப்பு.

#8 ஈஸ்ட்ஹாம்காரன்

வணக்கம் அண்ணையாக்கள், நான் கனநாளா வாசிக்கிறனான், இண்டைக்குத்தான் எழுதுறன். ஒரு சின்ன கேள்வி, எல்லாரும் நியூயோர்க், எல்.ஏ. எண்டு கதைக்கிறீங்கள், ஹூஸ்டனை விட்டிட்டீங்களே? கெட்டோ போய்ஸ் 1991-ல 'மைண்ட் ப்ளேயிங் ட்ரிக்ஸ் ஆன் மீ' எண்டு ஒண்டு விட்டவங்கள். தெருவில பெரிய ஆளா நிண்டவன் ராத்திரி நித்திரை கொள்ளேலாமல் வேர்த்துப்போய் இருக்கிறான், ஆரோ பின்னால வாறமாதிரி இருக்கு, பாத்தா ஆருமில்லை. கடைசியில ஒருத்தனைப் போட்டு அடிக்கிறான், கண் திறந்து பாத்தா றோட்டில தன்ர கை கிழிஞ்சு ரத்தம், வெறும் சீமெந்தைத்தான் குத்திக்கொண்டு நிண்டவன். என்ரை கருத்தில தெரு மண்டைக்குள்ள போனது அண்டைக்குத்தான். இப்ப பிள்ளையள் மன அழுத்தம் அது இது எண்டு பாடினா புதுசெண்டு நினைக்கினம்.

#9 பீட்டுப்பைத்தியம்

ஈஸ்ட்ஹாம் அண்ணா சூப்பர். அந்த சிமெண்ட் குத்துற சீன் மறந்தே போச்சு எனக்கு, உடனே போட்டு கேட்டேன்.

#10 மீனலோசனி

எனக்கு ஒரு எரிச்சல், சொல்லிடறேன். இதுவரைக்கும் இந்த இழைல தெருல நின்னது எல்லாம் ஆம்பள. பொம்பளைக்கு தெருன்னா என்ன? 1993-ல க்வீன் லத்தீஃபா 'யூனிட்டி'. ஷார்ட்ஸ் போட்டுக்கிட்டு நடந்து போறா, பின்னாடி ஒருத்தன் தடவிட்டுப் போறான். திரும்பி நின்னு கேக்குறா. வேலைக்கு டவுன் பஸ்ல போற எந்தப் பொண்ணுகிட்ட வேணா இந்தப் பாட்ட போட்டுக் காட்டுங்க, மொழிபெயர்ப்பு வேணாம். அந்தப் பாட்டுக்கு கிராமியும் கெடச்சது. ஆனா "ஸ்ட்ரீட் ராப்"னு எவன் லிஸ்ட் போட்டாலும் இது வராது, ஏன்னா அதுல யாரும் யாரையும் சுடல.

மத்தபடி பொம்பளைங்க கதைய ஆம்பளைங்கதான் சொன்னாங்க. டூபாக் 91-ல 'பிரெண்டாஸ் காட் எ பேபி', பேப்பர்ல வந்த ஒரு நியூஸ்லேர்ந்து எழுதுனது, பன்னெண்டு வயசுப் பொண்ணு குழந்தைய குப்பைல போடுது. இருபது வருசம் கழிச்சு 2011-ல கெண்ட்ரிக் லமார் கீஷான்னு ஒரு பாலியல் தொழில் பண்ற பொண்ணப் பத்தி பாடுறாரு, கடைசில கொல்லப்படுறா. பாட்ட எழுதி முடிச்ச அன்னைக்கே தன்னோட பதினொரு வயசு தங்கச்சிய உக்கார வெச்சு போட்டுக் காட்டுனேன்னு பாட்டுலயே சொல்றாரு. சரி, நல்ல எண்ணம்தான். ஆனா அடுத்த வருசம் 2012 ஆல்பத்துல என்ன பண்ணாரு தெரியுமா? கீஷாவோட தங்கச்சி குரல்ல ஒரு வெர்ஸ். என் அக்காவப் பத்தி பாட உனக்கு யாரு உரிமை குடுத்தா, அவளப் பத்தி உனக்கு என்ன தெரியும், என்னையும் பாட்டுல போட்டுடாதன்னு திட்டுறா. நான் மறைஞ்சு போக மாட்டேன் மறைஞ்சு போக மாட்டேன்னு சொல்லிக்கிட்டே இருக்குறப்ப குரல் கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சு பீட்டுக்குள்ள காணாமப் போயிடுது. அப்புறம் கொஞ்ச நேரம் பீட் மட்டும் ஓடும். நான் முதல் தடவ கேட்டப்ப ஹெட்செட் ரிப்பேர்னு நெனச்சேன்.

அண்ணா கேட்ட "சொல்றவன் எங்க நிக்கிறான்" கேள்விக்கு என்னோட பதில் இந்த வெர்ஸ்தான். பாத்தவன் சொன்னான், செஞ்சவன் சொன்னான், கடைசில பாடப்பட்டவளோட தங்கச்சியே வந்து நிறுத்துறான்னா அது பெரிய மாற்றம். எழுதுனது அப்பவும் ஒரு ஆம்பளதான், அதையும் சொல்லிக்கிறேன்.

#11 பழையகேசட்

ஒத்துக்குறேன். லத்தீஃபா விட்டது என் தப்பு.

#12 பீட்டுப்பைத்தியம்

சரி நான் 2000-க்கு வரேன், யாரும் வர மாட்டேங்குறீங்க. டூபாக் 96 செப்டம்பர்ல போயிட்டாரு, பிக்கி 97 மார்ச்ல. அதுக்கப்புறம் கொஞ்ச நாள் பளபளா டிரஸ், ஷாம்பெய்ன், மீன் கண்ணு லென்ஸ் போட்ட வீடியோ, பஃப் டேடி காலம். அத தாண்டிடுவோம். எனக்கு முக்கியமா படுறது விக்கிறவன் ஹீரோ ஆனது. ஜே-இசட் 96-லயே ஆரம்பிச்சிட்டாரு, அவர் பேச்சுல தெரு ஒரு எம்பிஏ கோர்ஸ் மாதிரி இருக்கும், மார்ஜின், சப்ளை, எவன நம்பலாம், எவன நம்பக் கூடாது.

2002-ல க்ளிப்ஸ், வர்ஜீனியா அண்ணன் தம்பி, 'கிரைண்டின்'. அந்த பீட்டுல ஒண்ணுமே கிடையாதுய்யா. நெப்டியூன்ஸ்னு ஒரு புரொடியூசர் ஜோடி போட்டது. டொக்கு டொக்குன்னு ரெண்டு அடி, ஒரு நாக்கு சத்தம், நடுவுல வெறும் காத்து. அமெரிக்கால அந்த வருசம் ஸ்கூல் கேன்டீன் மேஜைல பசங்க பூரா முஷ்டியால இதையே அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நாங்க இங்க காலேஜ்ல கடைசி பெஞ்சுல அடிச்சோம், ஹெச்ஓடி வெளிய அனுப்புனாரு. பாட்டு எதப் பத்தின்னு அப்ப எங்களுக்குத் தெரியாது. விக்கிறது ஒரு வேல, நான் அத நல்லா பண்றேன், அவ்ளோதான் பாட்டு. வருத்தமும் இல்ல பெருமையும் கம்மி. ஒரு கணக்குப்பிள்ள குரல்.

அப்புறம் அட்லாண்டா. ட்ராப்னா சரக்கு விக்கிற வீடு, அத ஒரு இசை பேராவே ஆக்குனாங்க. 2003-ல டி.ஐ. 'ட்ராப் மியூசிக்', 2005-ல ஜீஸியும் குச்சி மேனும். ஜீஸி ஆல்பம் பேருலயே மோட்டிவேஷன்னு இருக்கும், நம்ம ஊர்ல தன்னம்பிக்கை வகுப்பு எடுக்குறவரு மாதிரி காலைல எந்திரி, ஒழைன்னு கத்துவாரு, ஒழைக்கச் சொல்ற தொழில் மட்டும் வேற. 'தி மெசேஜ்'ல தெருலேர்ந்து தப்பிக்கணும்னு இருந்துச்சு, இங்க தெருலதான் முதலீடு. ஜே-இசட் 2017-ல வயசான குரல்ல இன்னொண்ணு சொல்றாரு, புரூக்ளின்ல டம்போ ஏரியாவுல ரெண்டு மில்லியனுக்கு கெடச்ச பில்டிங்க வாங்காம விட்டுட்டேன், இப்ப அது இருபத்தஞ்சு மில்லியன்னு. ஒடஞ்ச கண்ணாடி தெருவுல ஆரம்பிச்சு ரியல் எஸ்டேட் பொலம்பல்ல வந்து நிக்குது, நம்ம பெரியப்பா ஓஎம்ஆர்ல நெலம் வாங்காம விட்ட கதைய சொல்ற மாதிரியே இருக்கும் சத்தியமா.

லாஸ் ஏஞ்சலஸ் ராப்பர் நிப்ஸி ஹஸில் சொன்ன மாதிரி செஞ்சும் காட்டுனாரு, தான் சின்ன வயசுல சிடி வித்த கிரென்ஷா-ஸ்லாசன் முக்குல இருந்த கடை வளாகத்தையே பார்ட்னர் சேத்து வாங்குனாரு. 2019 மார்ச் 31, தன் கடை வாசல்லயே சுட்டுட்டாங்க. இதுக்கு மேல எனக்கு டைப் பண்ண வரல.

#13 கொட்டிவாக்கம்_குமார்

விக்கிறவன் கதைய சொன்னீங்க, வாங்குறவன் கதைய யாரு சொல்றது. எண்பது தொண்ணூறுகள்ல ராப்ல போதைக்கு அடிமையானவன்னா அவன் அடுத்தவன், கேவலமானவன், சோம்பி மாதிரி தெருல அலையுறவன், பாடுறவன் எப்பவும் வியாபாரி, சரக்க தொடமாட்டேன்னு அதையே ஒரு ரூலா பாடுவானுங்க, பிக்கி கிராக் விக்கிறவனுக்கு பத்துக் கட்டளைன்னு பாடுனதுல நாலாவது கட்டளையே அதான், அப்புறம் ஹூஸ்டன் பக்கம் இருமல் மருந்த ஸ்ப்ரைட்ல கலந்து குடிக்கிற பழக்கம், டிஜே ஸ்க்ரூ 2000-ல போனாரு, பிம்ப் சி 2007-ல போனாரு, ரெண்டு பேருக்கும் அதே மருந்து ஒரு காரணம், அப்பவும் யாரும் நிறுத்தல, 2015-ல ஃப்யூச்சர் ஆல்பம் பேரே அந்த ட்ரிங்க்தான். கேட்டுப்பாருங்க, ஜெயிச்சவன் குரலா அது? தூக்கத்துல முனகுறவன் குரல். அவனே வித்தான் அவனே குடிச்சான். அதுக்கடுத்த செட்டு பசங்க விக்கவே இல்ல, வெறும் முழுங்குறது மட்டும்தான், ஜூஸ் வேர்ல்ட் 2019 டிசம்பர்ல போறப்ப இருபத்தோரு வயசு. கிராக் காலத்துல கறுப்பர் ஏரியா வியாதின்னு ஜெயில கட்டுனாங்க, மாத்திரை காலத்துல எல்லார் வீட்டுலயும் செத்தாங்க, அப்பதான் அமெரிக்காக்காரன் இது நோய், வைத்தியம் பாக்கணும்னான். மீனலோசனி மேடம் பாயிண்ட நான் ஃப்ரீயா எடுத்துக்கிட்டேன்.

#14 அழகர்கோயில்ரோடு

நம்ம தமிழ் ராப் பத்தி ஒரு வார்த்த கூட இல்லையே? மலேசியால யோகி பி, லண்டன் எம்.ஐ.ஏ., இங்க அறிவு...

#15 மட்டுறுத்துநர்

தமிழ் ராப்புக்கு மூணு இழை ஏற்கனவே ஓடுது, அதுல ரெண்டுல சண்டையும் ஓடுது. இங்க வேணாம் ப்ளீஸ். நெருப்புடா87-ன் அடுத்த ரெண்டு பதிவு நீக்கப்பட்டது.

#16 ஈஸ்ட்ஹாம்காரன்

ட்ரில் பற்றி நான் எழுதுறன், ஏனெண்டா நான் இருக்கிற இடத்தில அது பாட்டில்லை, பக்கத்து வீட்டுச் சத்தம்.

முதல் சிகாகோ. அங்க ராபர்ட் டெய்லர் ஹோம்ஸ் எண்டு 16 மாடிக் கட்டடம் 28 வரிசையா நிண்டது, தொண்ணூறுகளிண்ட கடைசியில துவங்கி அரசாங்கம் புதுத் திட்டம் எண்டு சொல்லி எல்லாத்தையும் இடிச்சுது, 2007-ல கடைசிக் கட்டடமும் போட்டுது. சனத்தை ஊர் முழுக்கச் சிதறவிட்டது. பழைய பெரிய கேங்குகளிண்ட தலையள் ஏற்கனவே ஃபெடரல் ஜெயிலில. மேல கேட்க ஆளில்லாத பதினைஞ்சு வயசுப் பெடியள் ஒரு தெரு, ரெண்டு தெரு எண்டு சின்னச் சின்னக் கூட்டமாப் பிரிஞ்சு நிண்டாங்கள். 2012-ல சீஃப் கீஃப் 'ஐ டோன்ட் லைக்' வீடியோ வருது. பாத்தீங்களோ அதை? சட்டை போடாத பத்துப் பதினைஞ்சு பெடியள் ஒரு வெறும் வீட்டுக்குள்ள துள்ளுறாங்கள், அவ்வளவுதான். பெடியனுக்கு 16 வயசு, வீட்டுக் காவல், அம்மம்மாண்ட வீட்டில. வெளியில தெருவே இல்லை அந்த வீடியோவில! தெருப்பாட்டு எண்டு சொல்லுறம், ஆனா தெருவுக்குப் போகேலாத பெடியன் யூடியூப்புக்கு எடுத்த பாட்டு.

பழையகேசட் அண்ணை, நீங்கள் கேட்ட செத்தவன்ர பேர் விசயம் இதாலதான் எண்டு நான் நினைக்கிறன். 'தி மெசேஜ்' ஆருக்குப் பாடினது? உலகத்துக்கு. நாஸ் ஜெயிலில இருக்கிற சிநேகிதனுக்கு எழுதினான். ட்ரில் நாலு தெரு தள்ளி இருக்கிற ஒருத்தனுக்கு, அவன் இண்டைக்குப் பின்னேரமே ஃபோனில பாப்பான், நாளைக்குப் பதில் பாட்டு போடுவான், இல்லாட்டி வேற விதமாப் பதில் சொல்லுவான். நீங்களும் மருமகனும் காரில கேட்டது வேற ஆருக்கோ வந்த கடிதம்.

லண்டனுக்கு வந்தா ப்ரிக்ஸ்டன் பெடியள் சிகாகோவைக் கேட்டு, கிரைம் (grime) எண்ட லண்டன் இசையிண்ட டெம்போவோட கலந்து, துவக்குக்குப் பதில் கத்தி. முகமூடி போட்டுக்கொண்டு பாடுறாங்கள், அது ஸ்டைல் எண்டு பிறகு வந்த பெடியள் நினைக்கிறாங்கள், முதல் போட்டவங்கள் பொலிசுக்குத்தான் போட்டவங்கள். 2018-ல பொலிஸ் கேட்டு யூடியூப் முப்பது வீடியோ மட்டில எடுத்தது. 2019-ல ஸ்கெங்டோவும் ஏ.எம்.மும் தங்கட பாட்டைத் தாங்களே மேடையில பாடினதுக்கு ஒன்பது மாசம் ஒத்திவைச்ச சிறைத்தண்டனை, கோட் தடை போட்டிருந்தது. அதுக்கு முதல் 2005-ல இருந்து ஃபோம் 696 எண்டு ஒண்டு, கிளப்பில நிகழ்ச்சி வைக்க பொலிசுக்குக் குடுக்கிறது, ஆரம்பத்தில என்ன இசை, எந்த இனத்துச் சனம் வரும் எண்டும் கேட்டவங்கள். 2017-ல கைவிட்டது.

என்ர கடைசித் தம்பிண்ட வகுப்பில படிச்ச ஒரு பெடியன் இப்பிடிப் பாடிக்கொண்டு திரிஞ்சவன். கத்திக்குத்து இல்லை ஒண்டும் இல்லை, இப்ப டெலிவரி வான் ஓடுறான். கடையில கண்டா அண்ணா எண்டு தலை குனிவான். பாட்டில அவன் ஏழு பேரைச் சாக்காட்டினவன்.

#17 பீட்டுப்பைத்தியம்

"வேற ஆருக்கோ வந்த கடிதம்"... அண்ணா இத நான் திருடி வெச்சுக்குறேன்.

கூடவே ஒண்ணு, அந்த லண்டன் சத்தம் திரும்ப நியூயார்க் போச்சு. புரூக்ளின் ராப்பர் பாப் ஸ்மோக்கோட 2019 பாட்டு 'வெல்கம் டு தி பார்ட்டி' பீட் போட்டது லண்டன்காரரு 808மெலோ. கிட்டத்தட்ட அம்பது வருசம் சுத்திட்டு தெரு மறுபடி பார்ட்டின்னு பேர் வெச்சுக்கிட்டு புரூக்ளினுக்கு வருது. அவரும் 2020 பிப்ரவரில போயிட்டாரு, 20 வயசு, வாடகைக்கு எடுத்த வீட்டுல புகுந்து சுட்டுட்டாங்க, அட்ரஸ் சோஷியல் மீடியால போட்ட போட்டோல தெரிஞ்சிருக்கு.

#18 மீனலோசனி

ஏழு பேரைச் சாக்காட்டின டெலிவரி பையன், அதேதான் கோர்ட்டுல பிரச்சன. 2022 மே மாசம் ஜார்ஜியால அட்லாண்டா ராப்பர் யங் தக் மேலயும் இன்னும் 27 பேர் மேலயும் ரிக்கோ கேஸ், மாஃபியாவப் புடிக்க வெச்சிருந்த வகை சட்டம். பாட்டு வரிகள குற்றப்பத்திரிகைலயே சேத்தாங்க, ஜட்ஜும் நிபந்தனையோட அனுமதிச்சாரு. ஜூரி செலக்ட் பண்ணவே பத்து மாசம் கிட்ட ஆச்சு, அந்த மாநில வரலாறுலயே நீளமான விசாரணை. 2024 அக்டோபர் 31-ல குற்றத்த ஒத்துக்கிட்டு, இருந்த நாள கழிச்சுக்கிட்டு 15 வருச கண்காணிப்போட வெளிய வந்தாரு. கலிஃபோர்னியா 2022 செப்டம்பர்லயே வரிகள சாட்சியா எடுக்குறதுக்கு கடிவாளம் போட்டு சட்டம் போட்டுச்சு.

யோசிச்சுப் பாருங்க, 'நான் செஞ்சேன்'னு 1986-ல ஐஸ்-டி பாடுனப்ப அது கதாபாத்திரம்னு எல்லாருக்கும் தெரியும். இப்ப அதே "நான்" வாக்குமூலம். கற்பனைன்னு ஒரு எடமே கறுப்பின பசங்களுக்கு மட்டும் கெடையாதா? கொலைக் கதை எழுதுற நாவலாசிரியர யாரும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடல.

#19 கொட்டிவாக்கம்_குமார்

மேடம், பாதி சரி. சிகாகோல பேர் சொல்லி பாடுன பல பேரு வெறும் கற்பனைல பாடல, பாடுனவனும் செத்தான், பாடப்பட்டவனும் செத்தான். நாவலாசிரியர் வீட்டு வாசல்ல வில்லன் வந்து நிக்க மாட்டான். ரெண்டையும் சேத்து சொல்லுங்க.

#20 மீனலோசனி

சரி, சேத்தே சொல்றேன். ஆனா வாசல்ல வந்து நிக்கிறதுக்கு கோர்ட்டு மருந்து இல்ல.

#21 பழையகேசட்

எல்லாத்தையும் ரெண்டு தடவ படிச்சேன். சன்னல், வாசல், அடுப்படி, மண்டை, போன்னு நான் ஒரு வரிசை போட்டு அழகா முடிக்கலாம்னு வெச்சிருந்தேன், நீங்க விடல. 79-லயே சாவு இருந்துச்சு, 2019-லயும் பார்ட்டி இருக்கு, வரிசையெல்லாம் சரிப்படாது. ஈஸ்ட்ஹாம் தம்பி சொன்ன யாருக்குப் பாடுறான்ங்கறதுதான் நான் கோட்டை விட்ட பாயிண்ட்.

நேத்து அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மீனலோசனி சொன்ன கெண்ட்ரிக் தங்கச்சி கதை மனசுல இருந்துச்சு, பையன உக்கார வெச்சு 'ஒன் லவ்' போட்டேன். முழுசா கேட்டான், அதுவே பெருசு, நடுவுல ஒரு தடவதான் போன எடுத்தான். முடிஞ்சதும் கேக்குறான், "ஏன் மாமா லெட்டர் எழுதுறான்? ஜெயில்லயும் யார்கிட்டயாச்சும் போன் இருக்கும்ல, வாய்ஸ் நோட் அனுப்பலாமே?" நான் 94-ல ஏதுடா வாய்ஸ் நோட்னு சொல்லி சிரிச்சேன். அப்புறம் அந்தப் பன்னெண்டு வயசுப் பையன் என்ன ஆனான்னு கேட்டான். பாட்டுல அதுக்கு மேல இல்லடான்னேன். "அவனுக்கு இப்ப நாப்பதுக்கு மேல இருக்கும்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டான்.

அந்தக் கணக்க நான் இத்தன வருசத்துல ஒரு தடவ கூட போட்டுப் பாத்ததில்ல.

அவனுக்கு ஒரு பிளேலிஸ்ட் பண்ணிட்டு இருக்கேன். இதுவரைக்கும் 'தி மெசேஜ்', லத்தீஃபா, கெட்டோ பாய்ஸ், 'ஒன் லவ்', பிக்கி, 'கிரைண்டின்', கெண்ட்ரிக். வேற எது போடலாம்? அக்கா காதுல விழுந்தா பிரச்சன இல்லாததா சொல்லுங்க.

#22 ஈஸ்ட்ஹாம்காரன்

அக்கா காதில விழாமல் எண்டா பிக்கியையே எடுக்க வேணும் அண்ணை.

#23 கொட்டிவாக்கம்_குமார்

இருபத்திரண்டு பதிவு ஆச்சு, லிஸ்ட்ல ஸ்கூலி டி இன்னும் இல்ல. கவனிச்சுக்கிட்டுதான் இருக்கேன்.